மில்லேனியம் ஃபால்கன்: எந்தப் படத்தில் எந்த வடிவம்? கப்பலின் வரலாறும் மாடலும்

பரிதி:

‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் வரும் மில்லேனியம் ஃபால்கன் விண்கப்பலின் 1/72 அளவு பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்றைக் கட்டத் தொடங்குகிறேன். பெட்டியில் உள்ளபடியே செய்தால் 1977-இல் வந்த முதல் படத்தின் கப்பல் கிடைக்கும். எனக்கு வேண்டியது 1980-இல் வந்த ‘எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்’ படத்துக் கப்பல். கீழே வைக்கும் பலகையில் கப்பலின் வரலாற்றைப் பத்து வரியில் எழுதவும் ஆசை. படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

ஒரு இடத்தில் இதன் பழைய பெயர் ‘ஸ்டெல்லர் என்வாய்’ என்கிறார்கள், படங்களில் அந்தப் பேச்சே இல்லை. நீளம் 26.7 மீட்டர் என்றும் 34.75 மீட்டர் என்றும் இரண்டு கணக்கு இருக்கிறது. உரிமையாளர்களில் லாண்டோவுக்குப் பிறகு ஹான் சோலோ, சரி. ஹானுக்குப் பிறகு யார் யார் கைக்குப் போனது? ஹான் பீற்றிக்கொள்ளும் கெஸ்ஸல் ஓட்டம் 12 பார்செக்கா, 14-ஆ? மேலே இருக்கும் டிஷ் ஆன்டெனா சில படங்களில் வட்டம், சிலவற்றில் செவ்வகம். கப்பல் தரையில் நிற்கும் கால்களின் எண்ணிக்கையும் மாறுகிறது. தெரிந்தவர்கள் ஒவ்வொன்றாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

கொரேலியன்:

2014 ஏப்ரலில் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம், அதுவரை வந்த நாவல், காமிக்ஸ், விளையாட்டுக் கதைகளையெல்லாம் ‘லெஜண்ட்ஸ்’ என்று தனியே ஒதுக்கிவிட்டது. ஸ்டெல்லர் என்வாய் அந்தப் பக்கத்துச் சரக்கு. ஜேம்ஸ் லூசினோ 2008-இல் எழுதிய நாவலில், டாப் ஜடாக் என்ற விமானி ஓட்டிய காலத்தில் கப்பலுக்கு அந்தப் பெயர். நல்ல கதைதான், நானும் ரசித்துப் படிக்கச் சொல்வேன். ஆனால் படங்களின் வரலாற்றோடு அதைக் கலந்து ஒரே பலகையில் எழுதினால் விஷயம் தெரிந்தவர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். லெஜண்ட்ஸை விடவே மனமில்லை என்றால் அடியில் தனி வரியாகப் போடுங்கள்.

படங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் வரிசை இப்படி வரும். கொரேலியன் எஞ்சினியரிங் கார்ப்பரேஷன் கட்டிய வொய்டி-1300 வகை இலகு சரக்குக் கப்பல் இது. 2018-இல் வந்த ‘சோலோ’ படத்தில் லாண்டோ கல்ரிசியன் கையில் இருக்கிறது, கதைப்படி முதல் படத்துக்குச் சுமார் 10 ஆண்டுகள் முன்னால். அந்தப் படத்தின் கடைசியில் நியூமிடியன் பிரைம் என்ற கோளில் நடக்கும் சபாக் சீட்டாட்டத்தில் ஹான் அதை ஜெயிக்கிறான். முதல் ஆட்டத்தில் லாண்டோ சட்டைக் கைக்குள் ஒளித்து வைத்திருந்த சீட்டை இரண்டாம் ஆட்டத்துக்கு முன்பே ஹான் உருவிவிடுகிறான், ஜெயித்த ரகசியம் அவ்வளவுதான். 1980 படத்தில் பெஸ்பின் கோளில் இறங்கியதும் “என் கப்பலை என்ன செய்து வைத்திருக்கிறாய்?” என்று லாண்டோ கேட்கும்போது, நியாயமாக ஆடித்தான் தோற்றாய் என்று ஹான் திருப்பிச் சொல்வான். சோலோ படத்தைப் பார்த்துவிட்டு அந்தக் காட்சிக்குத் திரும்புங்கள், இருவரில் யார் பெரிய எத்தன் என்று தெரியாது.

1983 படத்தில் எண்டோர் போருக்கு லாண்டோ இரவலாக ஓட்டுகிறான், துணை விமானி நியன் நன்ப். அதற்குச் சுமார் 30 ஆண்டுகள் கழித்து நடக்கும் ‘ஃபோர்ஸ் அவேகன்ஸ்’ படத்தில் கப்பல் ஜாக்கு கோளின் நீமா அவுட்போஸ்டில் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது. நடுவில் நடந்ததை அந்தப் படத்தின் நாயகி ரே ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள்: டுகெய்னிடமிருந்து இர்விங் பாய்ஸ் திருடினார்கள், அவர்களிடமிருந்து அன்கர் பிளட் திருடினான், அவனிடமிருந்து அவள். ஹானிடமிருந்து போன வழி இதுதான்.

2005-இல் வந்த ‘ரிவெஞ்ச் ஆஃப் த சித்’ படத்தில் கொரஸண்ட் இறங்குதளக் காட்சியில், திரையின் கீழ் ஓரமாக ஒரு வொய்டி-1300 உள்ளே போகும். அதுதான் ஃபால்கன் என்று ரசிகர்கள் கொண்டாடுவார்கள். கதையில் அதற்கு ஒரு வேலையும் இல்லை, பலகையில் இடம் மிச்சமிருந்தால் சேருங்கள்.

ஹைட்ரோஸ்பானர்:

உரிமையாளர் பட்டியல் பாதி வரலாறுதான். ஒவ்வொருவரும் எதைக் கழற்றினார்கள், எதை மாட்டினார்கள் என்று பார்த்தால்தான் இந்தக் கப்பல் ஏன் அடிக்கடி மக்கர் பண்ணுகிறது என்று புரியும்.

முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு தாடைகளுக்கு நடுவே சரக்குப் பெட்டிகளைக் கவ்விப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போவதுதான் இந்த ரகத்தின் அசல் வேலை. முன்னால் பெட்டி நிற்கும் என்பதால்தான் விமானி அறை நடுவில் இல்லாமல் வலது ஓரத்தில் இருக்கிறது. லாண்டோ காலத்தில் அந்தத் தாடை இடைவெளியில் ஒரு தப்பிக்கும் கலம் பொருந்தியிருந்ததால் மூக்கு கூராக, முழுசாகத் தெரியும். வெள்ளை உடம்பில் நீலப் பட்டைகள். கெஸ்ஸலிலிருந்து தப்பும்போது துரத்தி வந்த ராட்சத ஜந்துவைத் திசைதிருப்ப அந்தக் கலத்தைக் கழற்றி விடுகிறார்கள். பிறகு அந்த இடைவெளி நிரம்பவே இல்லை.

அதே ஓட்டத்தில் லாண்டோவின் டிராய்டு (ரோபோ) எல்3-37 சிதைந்துபோக, அதன் வழிகாட்டி நினைவகத்தைக் கப்பலின் கணினியில் இணைத்துவிடுகிறார்கள். 1980 படத்தில் சி-3பிஓ என்ற டிராய்டு கப்பலோடு பேசிவிட்டு, இதன் பேச்சுவழக்கே விசித்திரமாக இருக்கிறது என்று சலித்துக்கொள்ளும் வசனத்துக்கு 38 வருடம் கழித்து இப்படி ஒரு காரணம் கிடைத்தது. எல்3-யை அப்படிக் கப்பலுக்குள் அடைத்தது நியாயமா என்பது வேறு விவாதம், இங்கே வேண்டாம்.

வேகத்துக்கு வருவோம். ஒளியைவிட வேகமாகப் போக உதவும் எஞ்சின்தான் ஹைப்பர்டிரைவ். அதன் வகுப்பு எண் குறையக் குறைய வேகம் கூடும். ஃபால்கன் 0.5. அதாவது வகுப்பு 1 கப்பல் ஒரு தூரத்தைக் கடக்க எடுக்கும் நேரத்தில் பாதி. சரக்குக் கப்பலுக்கு இது அநியாய வேகம். அதற்கேற்ற விலையையும் கொடுக்கிறது. 1980 படம் முழுக்க ஓடுவது ஒரே பழுதுதான்: ஹைப்பர்டிரைவ் கிளம்பவில்லை. எதிர்மறை அச்சிலுள்ள மின் இணைப்பி துருவமேறிவிட்டது, மாற்ற வேண்டும் என்று சி-3பிஓ ஓரளவு சரியாகவே சொல்கிறது. பெஸ்பினில் லாண்டோவின் ஆட்கள் பழுது பார்த்தும் பார்த்தார்கள். ஆனால் பேரரசின் ஆட்கள் பின்னாலேயே வந்து ஹைப்பர்டிரைவை முடக்கி வைத்துவிட்டார்கள். நகரத்தின் மையக் கணினியிடம் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட ஆர்2-டி2 டிராய்டு கடைசி நிமிடத்தில் திருப்பி இயக்குகிறது. அதாவது அங்கே பார்ப்பது இரண்டு வெவ்வேறு கோளாறு, ஒரே அறிகுறி. இதைக் கவனிக்காமல் “சரி செய்தது ஏன் மறுபடி கெட்டது?” என்று கேட்பவர்கள் நிறைய.

ஜாக்குவில் கிடந்த காலத்தில் அன்கர் பிளட் இக்னிஷன் லைனில் ஒரு கம்ப்ரசர் மாட்டியிருந்தான். அது ஹைப்பர்டிரைவுக்கு மிதமிஞ்சிய அழுத்தம் கொடுக்கிறது என்று ஹானும் ரேவும் ஒரே குரலில் சொல்வார்கள். எரிபொருள் பம்ப் ஒன்றும் புதிதாகச் சேர்த்திருந்தான், அதை முதலில் பிரைம் செய்யாவிட்டால் கப்பல் நகராது. கம்ப்ரசரை ரே பைபாஸ் செய்த பிறகுதான் தாவுகிறது. ஜாக்குவை விட்டுக் கிளம்பியதும் மோட்டிவேட்டர் கசிந்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்: ஒட்டாமல் விட்டிருந்தால் உந்துசக்தித் தொட்டி நிரம்பி வழிந்து கப்பல் முழுக்க விஷவாயு பரவியிருக்கும். தெரியாதவன் கை வைத்த வண்டி.

பரிதி:

அருமை. இடையில் ஒரு சந்தேகம். 1980 படத்தில் ஹைப்பர்டிரைவே வேலை செய்யாமல் ஹோத் கோளின் பக்கத்திலிருந்து பெஸ்பின் வரை எப்படிப் போனார்கள்? அது வேறு நட்சத்திர மண்டலம் ஆயிற்றே.

ஹைட்ரோஸ்பானர்:

படத்தில் பதில் இல்லை. தூரம் அதிகம்தான், ஆனாலும் போய்விடலாம் என்கிற மாதிரி ஹான் சொல்வதோடு சரி. ஒளிவேகத்துக்குக் கீழே போனால் பக்கத்து மண்டலத்துக்கே வருடக்கணக்கில் ஆகும். லெஜண்ட்ஸ் இதற்குத் துணை ஹைப்பர்டிரைவ் ஒன்றை வைத்தது, வகுப்பு 10. முதன்மை டிரைவ் 0.5 என்பதால் இது 20 மடங்கு மெதுவாகப் போகும். ஒரு நாள் பயணம் 20 நாளாகும். அதே சமயத்தில் லூக் டகோபா கோளில் பயிற்சி எடுக்க நேரம் கிடைத்ததற்கும் இந்தக் கணக்கு ஒத்துவருகிறது. எனக்கு இந்த விளக்கம் பிடிக்கும், ஆனால் பலகையில் எழுத மாட்டேன்.

கொரேலியன்:

கெஸ்ஸல் கேள்வியை யாரும் தொடவில்லை. பார்செக் என்பது தூரம், காலம் இல்லை. ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு, 12 பார்செக் என்றால் சுமார் 39 ஒளியாண்டு. 1977 திரைக்கதையிலேயே, ஹான் தப்பும் தவறுமாக அளந்து விடுவதைக் கேட்டு பென் கெனோபி முகம் மாறுவதாகக் குறிப்பு உண்டு. எனவே முதலில் அது வெறும் பீற்றல்.

பின்னால் வந்தவர்கள் அந்தப் பீற்றலுக்கு ஒரு பாதையே போட்டுக் கொடுத்தார்கள். சோலோ படத்தில் கெஸ்ஸலுக்குப் போக வழக்கமான பாதுகாப்பான தடம் 20 பார்செக், ஏனென்றால் சுற்றியிருக்கும் பெரும் சுழலையும் ‘மா’ என்ற ஈர்ப்புக் குழியையும் தவிர்த்து வளைந்துதான் போக வேண்டும். இவர்கள் திருடி வந்தது சுத்திகரிக்காத கோஆக்ஸியம் என்ற எரிபொருள், சூடேறினால் வெடிக்கும். வெடிப்பதற்குள் சவரீன் கோளில் இருக்கும் சுத்திகரிப்பு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதனால் சுழலுக்குள்ளேயே குறுக்காகப் போகிறார்கள். எல்3-யின் வரைபடம் வழி காட்டுகிறது, எரிபொருளில் ஒரு துளி கோஆக்ஸியம் கலந்து குழியின் ஈர்ப்பிலிருந்து பிய்த்துக்கொண்டு வெளியேறுகிறார்கள். தூரம் குறைந்தது என்பதுதான் சாதனை. அதுவும் துல்லியமாக 12 இல்லை, கீழ்நோக்கி முழுமையாக்கினால்தான் 12 என்று ஹானே துணைவன் சூவியிடம் மழுப்புவான். 14 என்பது ஃபோர்ஸ் அவேகன்ஸில் ரே சொல்வது, ஹான் உடனே “பன்னிரண்டு” என்று திருத்துவான். பலகையில் 12 என்று போட்டு ஒரு நட்சத்திரக் குறி வைத்தால் அழகாக இருக்கும். லெஜண்ட்ஸில் வழக்கமான தடம் 18 பார்செக், ‘மா’ ஒரு கருந்துளைக் கூட்டம். எண்களைக் கலக்காதீர்கள்.

தகடுவெட்டி:

மாடல் பக்கம் நான் சொல்கிறேன்.

1977 கப்பலுக்கு மூன்று கால்: முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. 1980-இலிருந்து ஐந்து. முன்பாதியில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று கூடியது. அந்தக் கால்கள் உள்ளே மடங்கும் பெட்டிகளும் அடிவயிற்றில் புதிதாக வந்தன. உங்கள் வேலையில் முக்கால்வாசி இதுதான். ஒரு எச்சரிக்கை: 1977-க்குச் செய்த பெரிய 5 அடி ஸ்டூடியோ மாடலில் பிறகு இந்த இரண்டு பெட்டிகளையும் சேர்த்துவிட்டார்கள். இன்று கிடைக்கும் அதன் கண்காட்சிப் படங்களை வைத்து “1977-லேயே ஐந்து இருந்தது” என்று முடிவு கட்டாதீர்கள். எம்பயருக்காகத் தனியாக 32 அங்குல மாடல் ஒன்று செய்தார்கள், நீங்கள் பார்க்க வேண்டிய படங்கள் அதனுடையவை. இரண்டு மாடலிலும் ஒட்டியிருக்கும் குட்டிப் பாகங்கள் ஒன்றுக்கொன்று அப்படியே ஒத்துவராது. அவ்வளவும் டாங்கி, விமானம், பந்தயக் கார் கிட்களிலிருந்து பிய்த்து ஒட்டியவை.

கிட்டில் ஏற்கெனவே உள்ள பெட்டியை அளந்து, 1 மி.மீ. ஸ்டைரீன் தகட்டில் இரண்டு பெட்டி வெட்டுங்கள். கால்களை ஒட்டும் வரிசைதான் முக்கியம். முதலில் அசல் மூன்று கால்களை ஒட்டி நன்றாகக் காயவிட்டு, கப்பலைத் தட்டையான கண்ணாடிமேல் நிறுத்துங்கள். மூன்று கால் எப்படியிருந்தாலும் தரையில் படியும். புது இரண்டையும் மெதுவாக இறுகும் எபாக்ஸி பசையில் வைத்து, பாதம் கண்ணாடியைத் தொடும் நிலையில் அப்படியே ஒரு இரவு விட்டுவிடுங்கள். ஐந்தையும் மேசையில் தலைகீழாக வைத்து ஒரே நேரத்தில் ஒட்டினால் அரை மி.மீ. பிசகும், கப்பல் ஆடும், பிறகு கழற்றினால் பெட்டியும் சேர்ந்து வரும்.

டிஷ் 1977, 1980 இரண்டிலும் வட்டம். 1983-இல் பேரரசின் போர்நிலையமான இரண்டாம் டெத் ஸ்டாரின் சுரங்கத்துக்குள் இடித்து டிஷ் போய்விடுகிறது. 2015, 2017 படங்களில் செவ்வகம், 2019-இல் மறுபடி வட்டம். தண்டின் அடியில் ஒன்று, அது உட்காரும் இடத்தில் ஒன்று என 3 மி.மீ. விட்டம், 1 மி.மீ. தடிமன் கொண்ட நியோடிமியம் காந்தம் வைத்தால் வேண்டும்போது கழற்றலாம். ஒட்டுவதற்கு முன் எந்த முகம் எதை இழுக்கிறது என்று மார்க்கரில் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றி ஒட்டினால் டிஷ் நிற்காமல் துள்ளும்.

எஞ்சின் வெளிச்சத்துக்கு நீலம் கலந்த வெள்ளை எல்இடி பட்டை, அதற்கு முன்னால் பால்நிற அக்ரிலிக் தகடு. இடைவெளி 10 மி.மீ. ஆவது விடுங்கள், நெருக்கி வைத்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். விமானி அறைக்குத் தனி எல்இடி போடுவதென்றால், 5 வோல்ட் மின்சாரத்தில் 3.2 வோல்ட் வெள்ளை எல்இடிக்கு 20 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் 90 ஓம் வரும். கடையில் கிடைக்கும் 100 ஓம் போதும், ஆயுளும் கூடும். உடல் ஓட்டின் உள்பக்கம் முழுக்க முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளி நிறம் அடியுங்கள். இதை விட்டால் விளக்குப் போட்டதும் பிளாஸ்டிக் வழியாகக் கப்பலே லாந்தர் மாதிரி ஒளிரும். மேல், கீழ் ஓடுகளைச் சேர்த்து மூடிய பிறகு இதைச் சரிசெய்ய வழியில்லை.

நிறம் பளீர் வெள்ளை கிடையாது, கொஞ்சம் வெதுவெதுப்பான வெளிர்சாம்பல். ஆங்காங்கே தகடுகள் மட்டும் மங்கிய சிவப்பு, மஞ்சள், நீலச்சாம்பல். துப்பாக்கிச் சூட்டுக் கரியை அளவோடு வையுங்கள்: நிஜத்தில் 30 செ.மீ. கரி 1/72-இல் 4 மி.மீ.தான். நாணயம் அளவுக்குக் கறுப்பு வைத்தால் ஒன்றரை மீட்டருக்கு மேல் குழி விழுந்த மாதிரி இருக்கும். தூள் நிறமியால் கரி வைப்பதென்றால், மேலே மேட் வார்னிஷ் அடித்ததும் பாதி காணாமல் போகும். அதனால் தேவைக்குச் சற்றுக் கூடுதலாக வைத்து, வார்னிஷை ஒரே தடவையில் ஈரமாக அடிக்காமல் மூன்று நான்கு மெல்லிய பூச்சாக அடியுங்கள்.

பழையசுருள்:

நீளக் குழப்பத்துக்குக் காரணம் கதையில் இல்லை, படப்பிடிப்பில் இருக்கிறது.

முதலில் வடிவமைத்த கப்பல் நீளமானது, பின்னால் எஞ்சின் கொத்து. 1975-இல் ஒளிபரப்பான ‘ஸ்பேஸ்: 1999’ தொடரின் ஈகிள் கலத்தைப் போல இருக்கிறது என்று அதை மாற்றினார்கள். மாடல் ஏற்கெனவே கட்டி முடித்திருந்ததால் வீணாக்காமல், தலையை மாற்றி இளவரசி லேயா வரும் டான்டிவ் 4 என்ற கப்பலாக ஆக்கிவிட்டார்கள். கூம்பு வடிவ விமானி அறை மட்டும் ஜோ ஜான்ஸ்டன் வரைந்த புதுத் தட்டு வடிவக் கப்பலுக்குப் போனது. அந்தக் கண்ணாடிச் சட்டங்கள் பி-29 குண்டுவீச்சு விமானத்தின் மூக்கைப் பார்த்துச் செய்தவை.

1977-க்கு எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் கப்பலின் ஒரு பாதியை மட்டுமே கட்டினார்கள். நகர்த்த முடியாத அளவு பெரிது. அதனால் மாஸ் ஐஸ்லி இறங்குதளக் காட்சி முடிந்ததும் கப்பலை அங்கேயே விட்டுவிட்டு, சுற்றி இருந்த அரங்கைப் பிரித்து டெத் ஸ்டார் கொட்டகையைக் கட்டினார்கள். 1979-இல் வேல்ஸின் பெம்ப்ரோக் டாக்கில், பழைய பறக்கும் படகு விமானக் கொட்டகையில், எம்பயருக்காக முழு அளவுக் கப்பலை எஃகுச் சட்டத்தில் கட்டினார்கள். எடை 20 டன்னுக்கு மேல். கூடுதல் கால்கள் வந்தது அந்தச் சமயத்தில்தான்.

வெளிப்பக்க அரங்கு ஒரு அளவு, உள் அறைகளின் அரங்குகள் இன்னொரு அளவு. நால்வர் உட்காரும் விமானி அறையும், சதுரங்க மேசை இருக்கும் கூடமும், வளைந்த நடைபாதையும் 26.7 மீட்டர் ஓட்டுக்குள் அடங்காது. அந்த எண் பழைய கையேடுகளுடையது. இப்போது புழங்கும் 34 சொச்சம் உள்ளறைகளுக்குக் கிட்டத்தட்ட இடம் கொடுக்கிறது, முழுதாக இல்லை. உங்கள் கிட்டை அளந்து பாருங்கள், சுமார் 48 செ.மீ. வரும். 72-ஆல் பெருக்கினால் 34.6 மீட்டர். ஆக பலகையில் 34.75 என்று எழுதினால் மாடலும் எழுத்தும் ஒத்துப்போகும்.

பரிதி:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: மின்கம்பியை எந்தக் கால் வழியாக இறக்குவது?

தகடுவெட்டி:

பின்கால்களில் ஒன்று. அதன் பெட்டி அகலமானது, கண்ணுக்கும் மறைவு. உள்ளே 2 மி.மீ. பித்தளைக் குழாய் வைத்து, பாதத்தில் துளையிட்டு நேராகப் பலகைக்குள் கம்பியை இறக்குங்கள். குழாயே எடையையும் தாங்கும். புதிதாக ஒட்டும் முன்கால்கள் வழியாக மட்டும் வேண்டாம், துளை போட்டால் ஸ்டைரீன் பிளந்துவிடும். ஓடுகளைச் சேர்த்து மூடுவதற்கு முன் விளக்கை இரண்டு மணி நேரம் தொடர்ந்து எரியவிட்டு, சூட்டில் பசை இளகுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.